செங்டுவைச் சூழ்ந்த ஆறும் மலையும் ஆலயங்களும்

தென்மேற்குச் சீனாவிலுள்ள சிச்சுவான் மாகாணத்தின் தலைநகர் செங்டு. 2020ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி நகரிலும் அதைச் சேர்ந்த கிராமங்களிலுமாக இரண்டு கோடிக்கும் அதிகமானோர் வாழ்கின்றனர். அங்கு போய் வருவோர் பாண்டாக் கரடிகளையும், தேநீர்க் கடைகளையும், நாக்கை மரக்கச் செய்யும் காரமான உணவையும் பற்றியே சொல்வது வழக்கம். நாம் இங்கு எழுத விரும்புவது அந்நகருக்குச் சோறு போடும் ஆற்றைப் பற்றியும், அவ்வாற்றையும் அதனருகிலுள்ள மலைகளையும் அண்டி எழுந்த ஆலயங்களைப் பற்றியும், 2008ஆம் ஆண்டில் வீடு வளவை இழந்த அவ்விடத்துக் கமக்காரரைப் பற்றியும் ஆகும். வயலும் வாய்க்காலும் அறிந்தவர்கள் வாசிக்கும் சஞ்சிகை இது என்பதால் ஆற்றைப் பற்றிச் சற்றுக் கூடுதலாகவே எழுதப்போகிறோம். வாசகர்கள் பொறுத்தருள வேண்டும்.

2018ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், உயிர்ப்பு ஞாயிறு கழிந்த கிழமையில், நாமும் கிராம அபிவிருத்திப் பணியில் எம்முடன் உழைக்கும் இருவரும் அங்கு சென்றிருந்தோம். செங்டுவில் படிப்பிக்கும் இளம் ஆசிரியை ஒருவர் மொழிபெயர்ப்பாளராகக் கூட வந்தார். அந்தக் கிழமையிலேதான் சீனரின் சிங்மிங் நாளும் வந்தது. எமது மரித்த விசுவாசிகள் தினத்தைப் போல அன்று குடும்பத்தோடு போய்க் கல்லறைகளைத் துப்புரவு செய்வார்கள். டூஜியாங்யான் பகுதியில் அதே நாட்களுக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. அதைப் பின்னர் சொல்வோம்.

வளவுகளும் வாய்க்கால்களும்

செங்டுவிலிருந்து வடமேற்கே ஏறத்தாழ 60 கிலோ மீற்றர் தூரத்தில் டூஜியாங்யான் இருக்கிறது. நிலநடுக்கத்திற்குப் பின்னரான புனரமைப்பு வேலைகளில் ஒன்றாக 2010ஆம் ஆண்டு மே மாதம் திறக்கப்பட்ட விரைவுப் புகையிரதத்தில் ஏறினால் அரை மணித்தியாலம் சொச்சத்தில் போய் இறங்கலாம். இருபுறமும் வயல்கள். மாரிகாலப் பயிரான எண்ணெய்க் கடுகு பூ முடிந்து காய் பிடித்து நின்றது. அதை வெட்டிய பின்பு அதே வயலில் நெல் நடுவார்கள். நாற்றுமேடைகளை வெள்ளைப் பிளாஸ்ரிக் விரிப்பால் மூடி வைத்திருந்தார்கள். வயல்களின் நடுவே ஆங்காங்கே மூங்கிலும் உயர்ந்த மரங்களும் சூழ்ந்த சிறு தோப்புகள். ஒவ்வொன்றினுள்ளும் சில வீடுகள். இத்தகைய வளவுகளுக்கு அவர்கள் வழங்கும் பெயர் ‘லின்பான்’. கூடை பின்ன மூங்கில், கூரைக்கு மரம், வெயிலுக்கு நிழல் எல்லாம் வளவுக்குள்ளேயே கிடைத்துவிடும். புகையிரத யன்னலால் பார்த்தபோது எம்மில் ஒருவர் தமது ஊர் வளவின் பெயரை மெல்லச் சொன்னார். நாம் ஒன்றும் பேசவில்லை.

கண்ணுக்கெட்டிய தூரம் வரை குளமொன்றும் தென்படவில்லை. ஆனால் ஒவ்வொரு றோட்டுக்கும் பக்கத்தில், ஒவ்வொரு வளவின் பின்புறத்தில், தண்ணீர் விரைந்து ஓடிக்கொண்டிருந்தது. பம்பியின் சத்தம் எங்கும் கேட்கவில்லை. இத்தனை தண்ணீரும் எங்கிருந்து வருகிறது என்பதைக் கமக்காரர் எவரும் கேட்கத்தான் செய்வார்.

அணையில்லாத நீர்ப்பாசனம்

மின்ஜியாங் ஆறு வடக்கே பெருமலைகளிலிருந்து இறங்கி டூஜியாங்யானில் சமவெளிக்குள் நுழைகிறது. ஒரு காலத்தில் பனி உருகும் காலத்திலும் மழை காலத்திலும் ஒரு பக்கம் வெள்ளம் கொள்ளை கொண்டு போகும். மறு பக்கம் வயல் காய்ந்து கிடக்கும். கி.மு. 256ஆம் ஆண்டளவில் லீ பிங் என்பவர் இப்பகுதிக்கு ஆளுநராக இருந்தார். எமது நாட்டு வழக்கிற் சொன்னால் ஓர் அரசாங்க அதிபர். அவர் ஆற்றுக்குக் குறுக்கே அணை கட்டவில்லை. ஆற்றை இரண்டாகப் பிரித்தார்.

ஆற்றின் நடுவே மீனின் வாயைப் போலக் கூரான முனையுடன் ஒரு நீண்ட கரை. அதற்குப் பெயரும் ‘மீன்வாய்’ என்பதுதான். அதில் மோதும் தண்ணீர் உள்ளாறு, வெளியாறு என இரண்டாகப் பிரிகிறது. உள்ளாறு ஒடுக்கமானது, ஆழமானது, வயலுக்குப் போவது. வெளியாறு அகலமானது, ஆழங்குறைந்தது. பழைய ஆற்றுப்போக்கிலேயே போவது. தண்ணீர் குறைந்த காலத்தில் நீர் தாழ்ந்த பக்கத்தை நாடுமல்லவா? ஆகவே பத்தில் ஆறு பங்கு உள்ளாற்றுக்குள் போகிறது. வெள்ள காலத்தில் நீர்மட்டம் உயர்ந்ததும் அகலமான பக்கம் கூடுதலாக வாங்கிக்கொள்ளும். அப்போது பத்தில் ஆறு பங்கு வெளியாற்றால் போய்விடுகிறது. பூட்டுமில்லை, திறப்புமில்லை. துருசைத் திறக்கும்படி நடுச்சாமத்தில் எவரையும் எழுப்ப வேண்டியதுமில்லை.

உள்ளாற்றின் கரையோரமாகக் கீழே நடந்தால் இரண்டாவது வேலைப்பாட்டைக் காணலாம். உள்ளாற்றுக்கும் வெளியாற்றுக்கும் இடைப்பட்ட கரை ஓரிடத்தில் தாழ்த்தி விடப்பட்டிருக்கிறது. எம்மவர் ‘வான்’ என்று சொல்வார்களே, அதுதான். மிஞ்சிய தண்ணீர் அதன் மேலாற் பாய்ந்து வெளியாற்றைச் சேர்கிறது. வான் பாயும்போது மணலையும் கல்லையும் கூடவே வாரிக்கொண்டு போவதால் அதற்குப் ‘பறக்கும் மணல் வான்’ என்று பெயரிட்டிருக்கிறார்கள். மூன்றாவது, மலையை வெட்டித் திறந்த வாய். சீசாவின் கழுத்தைப் போல ஒடுங்கியது. அகலம் ஏறத்தாழ 20 மீற்றர். எவ்வளவு வெள்ளம் வந்தாலும் இந்தக் கழுத்தால் போகக்கூடியது மட்டுந்தான் சமவெளிக்குள் போகும். மிச்சம் எதிர்த்துச் சுழன்று வானை நோக்கித் திரும்பிவிடும். வெடிமருந்து அறியாத காலம் அது. பாறையின்மேல் விறகை அடுக்கித் தீ மூட்டி, சூடேறியதும் குளிர்நீரை ஊற்றி, வெடித்த கல்லைப் பெயர்த்தெடுத்து, எட்டு ஆண்டுகளில் அந்த வாயைத் திறந்தார்கள் என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது.

மலையிலிருந்து இறங்கும் ஆறு மண்ணையும் கல்லையும் கொண்டு வரும். குளத்தைக் கட்டிவிட்டுத் தூர் வாராமல் விட்டால் என்னவாகும் என்பதை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இங்கே ஆற்றின் வளைவே பாதி வேலையைச் செய்கிறது. வளைவில் மேல்நீர் ஒரு கரையை நோக்கித் தள்ள, அடிநீர் மணலைச் சுமந்தபடி எதிர்க்கரையை நோக்கிப் போகிறது. அதனால் தெளிந்த நீர் உள்ளாற்றையும், மணலின் பெரும்பகுதி வெளியாற்றையும் சேர்கிறது. மீதியை மனிதர் அள்ள வேண்டும். ஆண்டுதோறும் மாரியில், நீர் வற்றிய காலத்தில், உள்ளாற்றை மறித்துத் தூர் வாருவது பண்டைய வழக்கம். எவ்வளவு ஆழத்துக்கு வாருவது என்ற சண்டை வராதிருக்க ஆற்றின் அடியில் இரும்புத் தண்டுகளைப் புதைத்து வைத்திருக்கிறார்கள். மண்வெட்டி அதில் முட்டும் வரை அள்ள வேண்டும். முட்டாமல் விட்டால் வேலை முடியவில்லை என்பது எவருக்கும் தெரிந்துவிடும்.

ஆற்றை மறிக்க அவர்கள் கையாண்ட முறையும் எம்மைக் கவர்ந்தது. மூன்று தடிகளைத் தலையிற் கட்டி முக்காலியாக நிறுத்தி, வரிசையாக ஆற்றுக்குள் வைத்து, பாயும் மண்ணும் கொண்டு அடைப்பார்கள். கரைகளுக்கோ மூங்கிலை நீண்ட கூடாகப் பின்னி, ஆற்றுக் கல்லை உள்ளே நிரப்பி அடுக்குவார்கள். தண்ணீர் மோதும்போது கூடு சற்று இளகிக்கொடுக்கும். சுவரைப் போல உடையாது. மூங்கில் உக்கினால் புதிதாகப் பின்னலாம். ஒரு சதம் வெளியிலிருந்து வரத் தேவையில்லை. பின்னாளில் சீமெந்து வந்தது. 1974ஆம் ஆண்டில் வெளியாற்றின் வாயில் இரும்புக் கதவுகளும் பொருத்தப்பட்டன. ஆயினும் ஏற்பாட்டின் அடிப்படை மாறவில்லை.

சிங்மிங் நாளின் சிறப்பு இதுதான். மாரி வேலை முடிந்து, அன்றுதான் முக்காலிகளின் கயிற்றை வெட்டித் தண்ணீரைத் திறந்து விடுவார்கள். பாய்ந்து வரும் தண்ணீரின் தலைப்பைக் கல்லால் எறிந்துகொண்டு இளைஞர் கரை நெடுகிலும் ஓடுவார்கள். முதியோர் முதல் நீரைச் செம்பில் அள்ளிக் கோவிலுக்குக் கொண்டு போவார்கள். இப்போது அது ஒரு விழாவாக, பட்டாடையும் மேளமுமாக, உல்லாசப் பயணிகளுக்காக நடித்துக் காட்டப்படுகிறது. ஆயிரக்கணக்கானோர் கைபேசியைத் தூக்கிப் பிடித்து நின்றார்கள். எமக்கு நாடகத்தில் அவ்வளவு நாட்டமில்லை. கயிறு வெட்டப்பட்டு நீர் பாய்ந்தபோது கூட்டத்திலிருந்த சில கிழவர்கள் தம்மையறியாமல் ஓரடி முன்னே வைத்ததை மட்டும் கண்டோம்.

யுனெஸ்கோ நிறுவனம் 2000ஆம் ஆண்டில் இந்த நீர்ப்பாசனத்தையும் அருகிலுள்ள சிங்செங் மலையையும் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தபோது, இந்த ஆறு 6 இலட்சத்து 68 ஆயிரம் ஹெக்டேயருக்கு மேற்பட்ட நிலத்துக்கு நீர் கொடுப்பதாகக் குறித்தது. எமது கணக்கில் 16 இலட்சம் ஏக்கருக்கு மேல்.

அரசாங்க அதிபருக்கு ஒரு கோவில்

உள்ளாற்றின் மேலே மலைச்சரிவில் ‘எர்வாங்’ ஆலயம், அதாவது இரு அரசர் ஆலயம், அடுக்கடுக்காக ஏறிப் போகிறது. அங்கு தெய்வமாக வைத்து வணங்கப்படுவோர் லீ பிங்கும் அவருடைய மகன் என்று சொல்லப்படுபவரும். ஓர் அரசாங்க அதிபருக்கு மக்கள் கோவில் கட்டிய கதையை நாம் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை. ஊதுவத்திப் புகைக்கு நடுவே சுவரில் பெரிய எழுத்துகள் செதுக்கப்பட்டுள்ளன. மந்திரமோ தோத்திரமோ என்று நினைத்தோம். ஆசிரியை வாசித்துச் சொன்னார்: ஆற்றின் அடியை ஆழமாக வார வேண்டும், வானைத் தாழ்வாகவே கட்ட வேண்டும் என்ற பராமரிப்பு விதிதான் அது! வட்டவிதானை கூட்டத்தில் சொல்லுகின்ற விடயத்தைக் கோவிற் சுவரில் எழுதி வைத்திருக்கிறார்கள். எந்தக் கந்தோர்க் கோவையில் இருந்தாலும் இரண்டாயிரம் ஆண்டுக்கு அது தப்பியிராது.

கீழே, சீசாக் கழுத்தின் பக்கத்துப் பாறையில் இன்னொரு ஆலயம். நாகத்தை அடக்கிய ஆலயம் என்று பெயர். அங்கே லீ பிங்கின் கற்சிலையொன்று நிற்கிறது. 1974ஆம் ஆண்டு ஆற்றினடியிலிருந்து எடுக்கப்பட்டது. உயரம் ஏறத்தாழ மூன்று மீற்றர். உடையிற் செதுக்கிய எழுத்துகளிலிருந்து அது கி.பி. 168ஆம் ஆண்டுக்கு உரியது என அறிந்தார்கள். ஆற்றில் நின்று நீர்மட்டத்தைக் காட்டுவதற்காகவே அந்த ஆள் செய்யப்பட்டார். பழைய நூல்கள் கூறும் அளவு இது: நீர் காலுக்குக் கீழே போகக்கூடாது, தோளுக்கு மேலே வரக்கூடாது. முகத்தில் மெல்லிய சிரிப்பு இருக்கிறது.

ஆயினும் வரலாற்றை இனிப்பாக மட்டும் சொல்லக்கூடாது. லீ பிங் இந்த மண்ணின் மைந்தரல்லர். ஷூ என்ற பழைய இராச்சியமாகிய இப்பகுதியைக் கி.மு. 316இல் படையெடுத்துப் பிடித்த சின் அரசின் உத்தியோகத்தர் அவர். ஆற்றைத் திருத்தியதில் படையை ஏற்றும் படகுகளுக்கு வழி, படைக்கு வேண்டிய தானியம் என்ற கணக்கும் இருந்தது. இங்கு விளைந்த நெல்லைத் தின்றுதான் சின் அரசு மற்றைய அரசுகளையெல்லாம் விழுங்கியது. அந்த அரசு பின்பு சில ஆண்டுகளிலேயே அழிந்துபோயிற்று. வாய்க்கால் அழியவில்லை. ஏனென்றால் மாரிதோறும் கடகத்தோடு ஆற்றில் இறங்கியவர்கள் அரசர்களல்லர். அவர்களுடைய பெயர்கள் எந்தச் சுவரிலும் இல்லை.

2008 மே 12

அன்று பிற்பகல் 2 மணி 28 நிமிடம். நிலநடுக்கத்தின் மையம் யிங்சியூ என்ற சிற்றூர். டூஜியாங்யானிலிருந்து மலைக்கு அப்பால், கூப்பிடு தூரம் என்றே சொல்லலாம். சீன அளவீட்டில் 8.0. உயிரிழந்தோர் 69 ஆயிரத்துக்கு மேல். காணாமற் போனோர் ஏறத்தாழ 18 ஆயிரம். இலட்சக்கணக்கான குடும்பங்கள் வீடற்றுப் போயின. எர்வாங் ஆலயத்தின் மண்டபங்கள் பல சரிந்தன. மீன்வாயில் வெடிப்பு விழுந்தது. ஆனால் நீர் பிரிவது நிற்கவில்லை; வயலுக்குத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. ஆலயம் பின்னர் திருத்தியமைக்கப்பட்டது. கூரையில் பழைய ஓட்டையும் புதிய ஓட்டையும் இன்னும் பிரித்துக் காணக்கூடியதாக இருந்தது.

ஆற்றின் மேற்பகுதியில், 2006ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட சிபிங்பு என்னும் 156 மீற்றர் உயரமான பேரணை இருக்கிறது. அதற்காகப் பல ஆயிரம் மக்கள் இடம்பெயர்க்கப்பட்டார்கள். நடுக்கத்தில் அந்த அணையின் முகத்திலும் வெடிப்புகள் விழுந்தன. அவசரமாக நீரை இறக்கினார்கள். தேக்கிய நீரின் பாரமே நடுக்கத்தைத் தூண்டியிருக்கலாம் என்று அறிஞர் சிலர் எழுதினர், வேறு சிலர் மறுத்தனர். இன்னோர் அணையை மீன்வாய்க்கு மிக அண்மையிற் கட்டும் திட்டமும் இருந்தது. மரபுரிமை அழிந்துவிடும் என்று எழுந்த பொதுமக்கள் எதிர்ப்பால் 2003இல் அது கைவிடப்பட்டது. அந்த நாட்டில் அப்படி நடப்பது அபூர்வம்.

புனரமைப்பின் வேகத்தைப் பாராட்டாதிருக்க முடியாது. வளமான மாகாணம் அல்லது நகரம் ஒவ்வொன்றும் பாதிக்கப்பட்ட ஒவ்வொரு பகுதியைப் பொறுப்பேற்றது. டூஜியாங்யானை ஷங்காய் நகரம் ஏற்றது. மூன்று ஆண்டு வேலை இரண்டு ஆண்டில் முடிக்கப்பட்டது. வீடுகளும் வந்தன, பாடசாலைகளும் வந்தன. ஆனால் மக்களைப் புனரமைக்க என்ன கால அட்டவணை?

நகருக்கு வெளியே புதிய குடியிருப்பொன்றில் மாடிப்படி அடியில் உட்கார்ந்து பச்சை வெங்காயம் சுத்தம் செய்துகொண்டிருந்த ஒரு தாயாரைச் சந்தித்தோம். வயது எழுபதுக்கு மேலிருக்கும். நடுக்கத்துக்கு முன்பு மலையடியில் வீடு, பன்றி, கோழி, மூங்கில் எல்லாம் இருந்தனவாம்.

“வீடு எப்படி, அம்மா?” என்று கேட்டோம்.

“குறை சொல்லக்கூடாது. மழைக்கு ஒழுகாது, குளிருக்கு அடக்கம். ஆனால் பிள்ளை, மண்வெட்டியை எங்கே வைக்கிறது?” என்று ஆசிரியையைப் பார்த்துக் கேட்டார்.

மண்வெட்டி மூன்றாம் மாடியில், கட்டிலின் கீழ் இருந்தது. நிலம் இப்போது கிவிப் பழம் செய்யும் கம்பனி ஒன்றுக்குக் குத்தகை. சீனாவில் கிராம நிலம் ஊர்ப் பொதுவுடைமை. பயிரிடும் உரிமைதான் குடும்பத்துக்கு. அந்த உரிமையை அளந்து சான்றிதழ் கொடுக்கும் வேலை, 2008ஆம் ஆண்டின் தொடக்கத்தில், இந்த டூஜியாங்யானின் ஒரு கிராமத்திலேயே பரீட்சார்த்தமாகத் தொடங்கப்பட்டது. தாயாரிடமும் அந்தச் சிவப்புப் புத்தகம் இருந்தது. பிளாஸ்ரிக் பையிற் சுற்றிப் பெட்டிக்குள் வைத்திருந்ததை எடுத்துக் காட்டினார். சுனாமிக்கும் சண்டைக்கும் ஓடியபோது எமது மக்கள் காணி உறுதியைச் சேலைத்தலைப்பில் முடிந்துகொண்டு ஓடியது எமக்கு ஞாபகம் வந்தது. வெங்காயம் எங்கே நட்டீர்கள் என்று கேட்டதற்கு, படிக்கட்டின் பின்புறத்தைக் காட்டினார். பழைய தீந்தை வாளிகள் பதினொன்று, வரிசையாக!

மலையும் ஊறுகாய்ச் சாடியும்

சிங்செங் மலையைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்வோம். தாவோ மதம் வேரூன்றிய இடங்களில் இது ஒன்று. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் சாங் டாவோலிங் என்னும் குரு இங்குள்ள குகையில் தங்கிப் போதித்தார் என்பது அவர்களது மரபு. மலையின் பெயருக்குப் பசிய நகரம் என்று பொருள். உச்சி ஏறத்தாழ 1,260 மீற்றர்தான். உயரத்தால் அல்ல, ஈரத்தாலும் நிழலாலும் பேர் பெற்றது. பாசி படிந்த கற்படிகள், பட்டை உரிக்காத மரத்தாற் செய்த சிறு தங்குமடங்கள், எங்கோ விழுந்துகொண்டிருக்கும் தண்ணீரின் ஓசை. தலைமுடியைக் குடுமியாக முடிந்த துறவிகள் எம்மைப் பார்த்துத் தலையசைத்துக்கொண்டு தம் வேலையாகப் போனார்கள்.

நாம் அதிக நேரம் நின்றது சமையற்கட்டின் பின்புறத்திலே. மரக்கறியை உப்புநீரில் ஊறப்போடும் சாடிகள் அங்கு வரிசையாக இருந்தன. சாடியின் கழுத்தைச் சுற்றி ஒரு தொட்டி, அதில் தண்ணீர், கிண்ணம் போன்ற மூடியைத் தண்ணீருக்குள் கவிழ்த்து வைக்கிறார்கள். உள்ளே புளிக்கும்போது உண்டாகும் வாயு குமிழியாக வெளியேறும். வெளிக்காற்றும் பூச்சியும் உள்ளே போக முடியாது. கொதித்து ஆறிய நீர், உப்பு, இஞ்சி, மிளகாய், அவர்களது நாட்டு மிளகு. கோவா, முள்ளங்கி, பயற்றங்காய் எதுவும் போடலாம். எண்ணெய் படக்கூடாது, தொட்டியில் நீர் வற்றக்கூடாது என்பதே அவர்களது கண்டிப்பான விதி. விளைச்சல் மலிந்து சந்தையில் விலையற்றுப் போகும் மரக்கறியை இப்படிக் காப்பாற்றலாம். எமது குயவர்களால் செய்ய முடியாத சாடி அல்ல அது.

தெற்கே லெஷானிலுள்ள மாபெரும் புத்தர் சிலையையும் ஒருநாள் பார்த்தோம். 71 மீற்றர், 713ஆம் ஆண்டில் தொடங்கி 803இல் முடிந்தது. மூன்று ஆறுகள் கூடும் இடத்தில் படகுகள் கவிழ்ந்து மக்கள் இறப்பதைப் பொறுக்காமல் ஹைட்டோங் என்ற துறவி இதைத் தொடங்கினார். தலைமயிர்ச் சுருள்களுக்குள்ளும் காதின் பின்னாலும் மழைநீர் வழிந்தோட மறைவான வாய்க்கால்கள் வெட்டியிருக்கிறார்கள். 2020 ஓகஸ்ட் வெள்ளத்தில் நீர் சிலையின் கால்விரல்களை நனைத்தது. கூட்டமோ தாங்க முடியாதது. இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

பைலுவும் ஷிஃபாங்கும்

கடைசி நாள் வடக்கே பைலு என்ற சிற்றூருக்குப் போனோம். அங்கு பிரெஞ்சுக் குருக்கள் 1895 முதல் 1908 வரை கட்டிய குருமடம் ஒன்று மலையிடுக்கில் இருந்தது. 2008இல் அது இடிந்து விழுந்தது. பின்னர் மீளக் கட்டினார்கள். குருமடத்தில் வளர்ந்த எமக்கு அந்த முற்றத்தில் நிற்க வேண்டும் என்ற ஆசை இருந்தது. நின்றோம், ஒரு மன்றாட்டுச் சொன்னோம். ஆனால் மனதிற் பதிந்தது அவ்வூர்ப் பாடசாலைதான். நிலப்பிளவு பாடசாலை வளவுக்குள்ளாற் போய் நிலத்தின் ஒரு பக்கத்தை இரண்டு மீற்றருக்கு மேல் தூக்கிவிட்டது. இரு பக்கத்திலும் நின்ற கட்டடங்கள் விழவில்லை, பிள்ளைகள் பிழைத்தார்கள். வேறு ஊர்களில், டூஜியாங்யானிலும், வகுப்பறைகள் பிள்ளைகளின் மேல் சரிந்தன. இறந்தும் காணாமற் போயும் 5,335 மாணவர் என்று 2009இல் அரசாங்கம் அறிவித்தது. கம்பியையும் சீமெந்தையும் களவெடுத்தவர் யார் என்று கேட்ட பெற்றோர் பலர் மிரட்டப்பட்டனர், சிலர் தடுத்து வைக்கப்பட்டனர். அவர்களுக்குத் தகுந்த பதில் கொடுக்கப்படவில்லை.

பைலுவிலிருந்து ஷிஃபாங் தூரமில்லை. அங்கேயுள்ள லுவோஹான் விகாரை தாங் அரசர் காலத்தில் தோன்றியது. அதற்கு அருகில் தாய் சேய் வைத்தியசாலை ஒன்று இருந்தது. நடுக்கத்தில் கட்டடம் நிற்கத் தகுதியற்றுப் போக, வைத்தியர்கள் கர்ப்பிணிகளை அழைத்துக்கொண்டு விகாரை வாசலுக்கு வந்தார்கள். துறவியர் மடத்தில் பிரசவம் கூடாது, இரத்தம் சிந்தக்கூடாது என்பது வழக்கம். தலைமைத் துறவி சூசுவான் கதவைத் திறக்கச் சொன்னார். சாகப் போகிறவரைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிடப் பெரிய தீட்டு எதுவுமில்லை என்பது அவருடைய தீர்ப்பு. மழை கொட்டிய அந்த இரவில் மேசைகளும் தியான வாங்குகளும் பிரசவக் கட்டில்களாயின. மறுநாள் காலை முதற் குழந்தை பிறந்தது. ஓகஸ்ட் மாதத் தொடக்கம் வரை 108 குழந்தைகள் அந்த விகாரையிற் பிறந்தன. மாமிசம் தீண்டாத மடத்தில், பிள்ளை பெற்ற தாய்மாருக்குக் கோழிச் சாறு காய்ச்சவும் அவர் அனுமதித்தார்.

108 என்பது பௌத்தருக்குப் புனிதமான எண். ‘லுவோஹான்’ என்றால் அரகதர். ஆகவே அவர்களை அரகதக் குழந்தைகள் என்று ஊரார் அழைக்கிறார்கள். பெற்றோர் பலர் பிற்காலத்திற் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து விகாரையைக் காட்டிச் சென்றார்கள். கோவில் மண்டபத்திலும் பள்ளிக்கூடத்திலும் பாய் விரித்துப் பிள்ளை பெற்ற தாய்மார் எமது வாசகர்களிலும் இருக்கிறீர்கள். மூடியிருந்த கதவுகளும் திறந்த கதவுகளும் உங்களுக்கு நினைவிருக்கும்.

நாம் போனது மத்தியான நேரம். வயதான துறவி ஒருவர் எமக்கு மரக்கறிச் சேமியா பரிமாறினார். எங்கே பிரசவம் பார்த்தார்கள் என்று ஆசிரியை விசாரித்தபோது அவர் அகப்பையால் முற்றத்தைச் சுட்டிக் காட்டிவிட்டு, எம்முடைய கிண்ணத்தில் இன்னும் கொஞ்சம் போட்டார்.